மூளையின் படமும் ஆயுளின் கணக்கும்

இவ்வேளையில் என் குரலை உங்கள் இல்லங்களுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை வானொலி அலைகள். கண்ணுக்குப் புலனாகாத இவ்வலைகளின் இனத்தைச் சேர்ந்தவையே, மனித மூளையினுள் வளர்ந்திருக்கும் கட்டியொன்றைப் படமாக எழுதிக் காட்டவும் பயன்படுகின்றன என்பது உங்களுட் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். காந்தப் பரிவுப் படம் என்று நூல்களிலும், எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்று பேச்சு வழக்கிலும் வழங்கும் அப்படத்தைப் பற்றியும், அதனைக் கொண்டு நோயாளரின் வருங்காலத்தை எவ்வளவு தூரம் கணிக்கலாம் என்பது பற்றியும் இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகின்றேன்.

நான் வைத்தியன் அல்லன். கலைப் பட்டதாரி, அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபர். இப்பொருளைப் பற்றிப் பேச உமக்கு என்ன உரிமை உண்டு என நீங்கள் வினவலாம். உரிமை ஒன்றும் இல்லை. கடமை ஒன்று உண்டு. அக்கடமை எவ்வாறு வந்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

கிராமத்துப் பாடசாலை அதிபரிடம் வருவன பாடசாலைக் காரியங்கள் மாத்திரம் அல்ல. வங்கிக் கடிதம், வழக்கறிஞர் அறிவித்தல், வெளிநாட்டு விண்ணப்பம் என ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எதுவாயினும் அவர் மேசைக்கே வந்து சேரும். இற்றைக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை வேளையில், என் பழைய மாணவன் ஒருவனுடைய தமையனார் பெரியதோர் உறையுடன் வந்தார். தம்பி மரவேலை செய்பவன், நாற்பது வயதினன். வேலைத்தலத்தில் ஒருநாள் திடீரென வலிப்புக் கண்டு வீழ்ந்துவிட்டான். வைத்தியசாலையில் தலையைப் படம் பிடித்து, அதற்குரிய அறிக்கையையும் கொடுத்திருந்தார்கள். வந்தவர் உட்காரவும் இல்லை. "ஐயா, எவ்வளவு காலம் எண்டு மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

நான் வாசித்தேன். மூளையின் வலப்பக்க முன்பகுதியில் ஒரு கட்டி. மருந்து ஏற்றிய பின் அஃது ஒளிர்கின்றது. வீரியம் மிக்க கிளையோமாவாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. இழையப் பரிசோதனையினால் உறுதி செய்யப்பட வேண்டும் என்ற கடைசி வரியும் அங்கே இருந்தது. நான் அவ்வரியைப் பொருட்படுத்தவில்லை. அன்றிரவு தேடிப் பார்த்ததில் 14.6 மாதங்கள் என்றோர் எண் கிடைத்தது. மறுநாட் காலை தமையனாரிடம், "ஒன்றேகால் வருடம்" என்று சொல்லிவிட்டேன்.

அச்சொல் செய்த வேலையைக் கேளுங்கள். ஒன்றேகால் வருடத்துக்காக மண்டையைத் திறப்பானேன் என்று அக்குடும்பத்தார் தீர்மானித்தார்கள். சத்திர சிகிச்சைக்குக் குறித்த நாளுக்கு அவர்கள் போகவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மூத்த மகள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மூன்று வாரங்கள் இவ்வாறு கழிந்தன. அதன்பின் நடந்ததைப் பின்னர் கூறுவேன். நான் செய்த பிழை யாது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு வெகு காலம் சென்றது. விளங்கிக்கொண்டதை உங்களுடன் பகிர்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மூளை, பூட்டிய பெட்டியொன்றினுள் இருக்கும் உறுப்பு. வயிற்றிலுள்ள கட்டியைக் கையால் தொட்டறியலாம். தொண்டையிலுள்ளதைக் கண்ணாற் காணலாம். மண்டையோட்டினுள் இருப்பதை அறிய நெடுங்காலம் ஊகம் ஒன்றே துணையாக இருந்தது. 1884ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் நகரில் ஓர் இளம் விவசாயிக்கு மூளைக் கட்டியை அகற்றும் சத்திர சிகிச்சை நடந்தது. கட்டி எங்கே இருக்கின்றது என்பதைப் பென்னற் என்னும் வைத்தியர், அந்நோயாளியின் கையிலும் காலிலும் தோன்றிய வலிப்பையும் பலவீனத்தையும் கொண்டே தீர்மானித்தார். கொட்லீ என்னும் சத்திர வைத்தியர் அவ்விடத்தைத் திறந்தபொழுது கட்டி அங்கேயே இருந்தது. எனினும் கிருமித் தொற்றினால் அவ்விளைஞர் ஏறக்குறைய ஒரு மாதத்தில் இறந்தார்.

1895ஆம் ஆண்டில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். ஆயின் அக்கதிர்கள் எலும்பைக் காட்டினவேயன்றி எலும்பினுள் இருக்கும் மென்மையான மூளையைக் காட்டவில்லை. 1918இல் அமெரிக்க நாட்டு டான்டி என்பவர், மூளையின் அறைகளிலுள்ள நீரை வெளியேற்றிக் காற்றைச் செலுத்திப் படம் பிடிக்கும் முறையைக் கண்டார். 1927இல் போர்த்துக்கல் நாட்டு மொனிஸ், இரத்தக் குழாய்களில் மருந்து செலுத்திப் படம் பிடித்தார். இவை இரண்டும் கட்டியைக் காட்டவில்லை. கட்டி தள்ளிய அறையையும், கட்டி ஒதுக்கிய குழாயையும் காட்டின. காற்று முறையினால் நோயாளர் பட்ட தலையிடி கொஞ்சமன்று.

மூளையையே நேரிற் கண்டது 1971ஆம் ஆண்டில். இசைத்தட்டு வெளியீட்டினால் உலகறிந்த ஈ.எம்.ஐ. என்னும் பிரித்தானிய நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த ஹவுன்ஸ்பீல்ட், எக்ஸ் கதிர்களையும் கணினியையும் இணைத்து, மூளையைத் துண்டு துண்டாக அரிந்தாற்போற் காட்டும் கருவியைச் செய்தார். அவ்வாண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி அக்கருவியிற் படம்பிடிக்கப்பட்ட முதல் நோயாளர், மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணி. படத்தில் அக்கட்டி தெளிவாகத் தெரிந்தது. இன்று சீ.ரீ. ஸ்கான் என நாம் கூறுவது இதுவே.

இனி, காந்தப் பரிவுப் படத்துக்கு வருவோம். நம் உடலிற் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஐதரசன் அணுக்கள் உண்டு. அவ்வணுவின் கரு ஒரு சிறு காந்த ஊசியைப் போன்றது. வலிய காந்தப்புலமொன்றினுள் மனிதனைக் கிடத்தினால், அவ்வூசிகளிற் சில அப்புலத்தின் திசையில் ஒழுங்குபடும். அவ்வேளை, பொருத்தமான மீடிறனுள்ள வானொலி அலையைச் செலுத்தினால் அவை அதனை ஏற்றுத் தடுமாறும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்பொழுது தாமும் ஒரு மெல்லிய அலையை வெளியிடும். அவ்வலையைக் கேட்டு, கணினியினாற் கணக்கிட்டு, படமாக வரைகின்றார்கள். வைத்தியசாலைகளிற் பெரிதும் வழங்கும் கருவியின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா. இது பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. அதற்குப் பொருத்தமான அலையின் மீடிறன் ஏறக்குறைய 64 மெகாஹேட்ஸ். உங்கள் பெட்டியிற் பண்பலை நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையில் இருக்கின்றன அன்றோ? அதற்குச் சற்றுக் கீழே உள்ளதுதான் இது. வெளியிலிருந்து வரும் வானொலி அலைகள் அம்மெல்லிய ஓசையைக் குழப்பாதிருக்க, படம் பிடிக்கும் அறையைச் செப்புத் தகட்டினாலோ வலையினாலோ சூழ்ந்து மூடிவிடுகின்றார்கள். வானொலி நிலையங்களின் குரல் அவ்வறையில் நுழைய அனுமதி இல்லை.

அணுக்கருவின் இவ்வியல்பை 1946ஆம் ஆண்டில் புளொக், பேர்செல் என்னும் இரு பௌதிக அறிஞர்கள் தனித்தனியே கண்டு, 1952இல் நோபல் பரிசு பெற்றனர். 1971இல் டமேடியன் என்பவர், எலிகளின் புற்றுநோய்க் கட்டியிலுள்ள அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் நல்ல இழையத்தினின்றும் வேறுபடுகின்றது எனக் காட்டினார். 1973இல் லோட்டபர் என்பவர் இம்முறையினாற் படமே வரையலாம் என நிறுவினார். அவருடைய கட்டுரையை நேச்சர் என்னும் சஞ்சிகை முதலில் ஏற்க மறுத்தது என்பது வரலாறு. 1977 யூலை 3ஆம் திகதி டமேடியனின் குழுவினர் முதன்முறையாக ஒரு மனிதனின் நெஞ்சைப் படம்பிடித்தபொழுது, ஒரேயொரு படத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் சென்றது. இன்று தலை முழுவதையும் பல்வகையிற் படம்பிடிக்க அரை மணி முதல் ஒரு மணி வரையிற் போதும். இவ்வேகத்துக்கு வழிகாட்டியவர்களுள் முக்கியமானவர் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துப் பீற்றர் மான்ஸ்பீல்ட். அவரும் லோட்டபரும் 2003இல் வைத்தியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். மான்ஸ்பீல்ட் பதினைந்தாம் வயதிற் பள்ளியை விட்டு வெளியேறியவர். விஞ்ஞானம் உனக்கு ஏற்றதன்று என்று அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. அதிபர் பதவியில் இருப்போர் இதனை நினைவில் வைத்திருத்தல் நன்று.

சரி, கட்டியைப் பற்றி இப்படம் எதைக் கூறுகின்றது? முதலாவது, கட்டி எங்கே இருக்கின்றது, எவ்வளவு பெரிது, பேச்சுக்கும் நடைக்கும் உரிய பகுதிகளுக்கு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பன. இரண்டாவது, கட்டியைச் சுற்றியுள்ள வீக்கம். மூன்றாவது, கட்டியின் தன்மை பற்றிய சில குறிப்புகள். மூளையின் இரத்தக் குழாய்களுக்குத் தனிப்பட்டதோர் இயல்பு உண்டு. அவை கண்ட பொருளையெல்லாம் மூளையினுட் கசிய விடுவதில்லை. வீரியம் மிக்க கட்டி அக்காவலைக் குலைத்துவிடும். ஆகவே கடோலினியம் என்னும் உலோகம் சேர்ந்த மருந்தை நாளத்தில் ஏற்றினால், குலைந்த இடத்தில் அது கசிந்து படத்தில் வெண்மையாக ஒளிரும். கிளையோபிளாஸ்ரோமா என்னும் கொடிய கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் மாண்டுபோயிருப்பதால், அது மோதிரம் போன்ற வெண்ணிற வளையமாகத் தோன்றும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. வளையமாகத் தெரிவதெல்லாம் கிளையோபிளாஸ்ரோமா அன்று. மூளையிற் சீழ் பிடித்தாலும் வளையம் தோன்றலாம், வேறோர் உறுப்பின் புற்றுநோய் மூளைக்குப் பரவினாலும் தோன்றலாம், கசநோயினாலும் தோன்றலாம். இவற்றை வேறுபடுத்த, நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அளக்கும் மற்றொரு வகைப் படம் உதவுகின்றது. சீழ் தடித்த திரவம் ஆதலின் அங்கே நீரின் நகர்ச்சி தடைப்படும். சீழாயின் அது தீர்க்கத்தக்க நோய்.

ஒளிரும் வளையத்தோடு கட்டி முடிந்துவிடுகின்றது என்றும் எண்ணலாகாது. ஆற்றங்கரையில் நீர் தெரியும் இடத்துக்கு அப்பாலும் மண் ஈரமாக இருப்பது போல, கிளையோமாவின் கலங்கள் படத்திற் காணும் எல்லைக்கு அப்பாலும் ஊடுருவியிருக்கும். ஆயினும் சத்திர வைத்தியருக்கு இப்படம் பெருந்துணை. அமெரிக்காவில் 416 நோயாளரை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், படத்தில் தெரிந்த கிளையோபிளாஸ்ரோமாக் கட்டியின் 98 வீதமோ அதற்கு மேலோ அகற்றப்பட்டவர்களின் வாழ்நாள் இடையம் 13 மாதங்களாகவும், ஏனையோரின் இடையம் 8.8 மாதங்களாகவும் இருந்தன. எனவே சத்திர சிகிச்சை முடிந்து மூன்று நாட்களுக்குள் மீண்டும் படம் பிடித்து, எஞ்சியது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுதல் வழக்கமாயிற்று. வருங்காலத்தைக் கணிப்பதற்கு நோயாளரின் வயது, அவர் தம் வேலைகளைத் தாமே செய்யும் நிலையில் உள்ளாரா என்பது, எஞ்சிய கட்டியின் அளவு ஆகிய மூன்றும் முக்கியமானவை. இவற்றுள் படம் தருவது மூன்றாவதை மாத்திரமே.

இப்பொழுது நான் சொன்ன 14.6 மாதங்கள் என்னும் எண்ணை ஆராய்வோம். அது பொய்யான எண் அன்று. ஐரோப்பாவிலும் கனடாவிலும் கிளையோபிளாஸ்ரோமா உள்ள 573 நோயாளர் பங்குபற்றிய பேராய்வொன்று 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கதிர்ச் சிகிச்சை மாத்திரம் பெற்றோரின் வாழ்நாள் இடையம் 12.1 மாதங்கள். கதிர்ச் சிகிச்சையுடன் தெமசோலமைட் என்னும் மருந்தும் பெற்றோரின் இடையம் 14.6 மாதங்கள். நான் கண்ட எண் இதுவே.

இடையம் என்பது யாது? ஒரு வகுப்பிலுள்ள பிள்ளைகளை உயர ஒழுங்கில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளையின் உயரமே இடையம். அதனைக் கொண்டு கடைசிப் பிள்ளையின் உயரத்தை எவரும் கூறார். 14.6 மாதங்கள் என்பது, நோயாளருட் பாதிப்பேர் அதற்கு முன்னும் பாதிப்பேர் அதற்குப் பின்னும் இறந்தனர் என்பதன்றி, ஒவ்வொருவரும் பதினைந்தாம் மாதத்தில் இறப்பர் என்பதன்று. அதே ஆய்வில் மருந்தும் பெற்றோருள் 26.5 வீதத்தினர் இரண்டு ஆண்டுகள் கடந்தும் வாழ்ந்தனர், 9.8 வீதத்தினர் ஐந்து ஆண்டுகளைக் கடந்தனர். கொடிய நோய் என்பதில் ஐயமில்லை. எனினும் பத்துப் பேரில் ஒருவருக்கு ஐந்தாண்டு என்பதும் அதே ஏட்டில் எழுதப்பட்ட உண்மையே. நான் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தேன்.

அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் என்பவருக்கு 1982இல் வயிற்றறையில் ஓர் அரிய புற்றுநோய் கண்டது. அந்நோய்க்கு வாழ்நாள் இடையம் எட்டு மாதங்கள் என நூல்கள் கூறின. கணக்கறிந்த அவர், தமது வயதையும் நோய் முற்றாத நிலையையும் எண்ணி, இடையத்துக்கு அப்பால் நீளும் வரிசையிலேயே தாம் நிற்கக்கூடும் எனத் தெளிந்தார். 1985இல் அதனைக் கட்டுரையாகவும் எழுதினார். அவர் 2002 வரையில், இருபது ஆண்டுகள், வாழ்ந்தார். இறந்ததும் வேறொரு புற்றுநோயினால். எல்லோருக்கும் இவ்வாறு வாய்க்கும் என்று நான் கூறவில்லை. கூட்டத்துக்குரிய எண்ணைத் தனி மனிதனின் தலையில் எழுதலாகாது என்றே கூறுகின்றேன்.

இனி என் இரண்டாவது பிழை. அது முன்னையதிலும் பெரிது. நான் எடுத்தது அம்மனிதனுடைய நோய்க்கே உரிய எண்ணன்று.

கிளையோமா என்பது ஒரு குடும்பத்தின் பெயர். நரம்புக் கலங்களுக்குத் துணைநிற்கும் கலங்களினின்று தோன்றும் பல கட்டிகள் அக்குடும்பத்தில் அடங்கும். அவற்றுள் ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்பது ஒன்று. அதன் கலங்களில் முதலாம், பத்தொன்பதாம் நிறமூர்த்தங்களின் சில கைகள் இழக்கப்பட்டிருக்கும். இவ்விழப்பு உடையோர் சிகிச்சைக்கு நன்றாக இணங்குவர். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஆய்வொன்றின் நீண்டகால முடிவு 2013இல் வெளியாயிற்று. இவ்விழப்பு உள்ள வீரியம் மிக்க கட்டியுடையோர், கதிர்ச் சிகிச்சையுடன் மூவகை மருந்துகளையும் பெற்றபொழுது, அவர்களின் வாழ்நாள் இடையம் 14.7 ஆண்டுகள். கதிர்ச் சிகிச்சை மாத்திரம் பெற்றோருக்கு 7.3 ஆண்டுகள்.

நேயர்களே, இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று 14.6 மாதங்கள், மற்றொன்று 14.7 ஆண்டுகள். எண் ஏறத்தாழ ஒன்றே, மாதம் ஆண்டாகிவிட்டது. இவ்விரு கட்டிகளும் படத்தில் மருந்தேற்றியபின் ஒளிரக்கூடியவை. படத்தை மாத்திரம் கொண்டு இவற்றை எப்பொழுதும் பிரித்தறிய இயலாது. அதற்குக் கட்டியின் சிறு துண்டு வேண்டும். நுணுக்குக்காட்டியும் இரசாயனக்கூடமும் வேண்டும். ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனம் 2016இலும் 2021இலும் வெளியிட்ட வகைப்பாடுகளில், கட்டியின் பெயரைத் தோற்றத்தினால் மாத்திரமன்றி மூலக்கூற்று மாற்றங்களினாலும் தீர்மானிக்க வேண்டும் என விதித்தது. அறிக்கையின் கடைசி வரி என்னை நோக்கிச் சொன்னது இதனையே.

படத்தைக் குறைத்துக் கூறுவதாக எண்ண வேண்டாம். படத்தின் சில அடையாளங்கள் கட்டியின் உள்ளியல்பைக் கத்தியின்றியே உணர்த்தவும் வல்லன. ஒருவகைப் படத்தில் முழுவதும் வெண்மையாகத் தெரியும் கட்டி, நீரின் ஒளியை அடக்கி எடுக்கும் மற்றொருவகைப் படத்தில் ஓரம் மாத்திரம் வெண்மையாகி உள்ளே கருமை கொள்ளுமாயின், அது மெதுவாக வளரும் ஒருவகைக் கிளையோமாவைப் பெரிதும் சுட்டும் என 2017இல் ஆய்வாளர் காட்டினர். எனினும் அவ்வடையாளம் இல்லாத இடத்தில் அதனைக் கொண்டு யாதொன்றும் கூறமுடியாது.

சிகிச்சை முடிந்த பின்னும் படம் மயக்கக்கூடும். கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் நிறைவுற்ற முதற் சில மாதங்களில் ஒளிரும் பகுதி முன்னையிலும் பெரிதாகத் தோன்றலாம். கட்டி வளர்ந்துவிட்டது எனக் குடும்பத்தார் கலங்குவர். உண்மையில், சிகிச்சையினால் இழையம் புண்பட்டு இரத்தக் குழாய்கள் கசிவதும் அவ்வாறே தோன்றும். சில காலத்தில் தானே அடங்கும். இதனைப் போலி வளர்ச்சி என்பர். 2010இல் நிபுணர்கள் வகுத்த விதிகளில், கதிர்ச் சிகிச்சை முடிந்து பன்னிரண்டு வாரங்களுக்குள் தோன்றும் பெருக்கத்தைக் கொண்டு நோய் முற்றிவிட்டது எனத் தீர்ப்பளிப்பதற்கு இறுக்கமான கட்டுப்பாடு இடப்பட்டது. ஒரு படத்தைக் கண்டு முடிவு கூறாமல், அடுத்த படத்துடன் ஒப்பிட்டுக் கூறுதலே முறை. ஆதலின் பழைய படங்களையும் தட்டுக்களையும் ஒன்றும் எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

கணினிக்குக் கற்பித்தால் அது வாழ்நாளைச் சரியாகக் கூறாதோ என நீங்கள் கேட்கலாம். முயற்சி நடக்கின்றது. 2012 முதல் பல நாட்டு ஆய்வாளர் ஒன்றுகூடி, மூளைக் கட்டிப் படங்களை ஒரே தொகுதியாகத் திரட்டி, யாருடைய கணினிமுறை கட்டியின் எல்லையை நன்றாக வரைகின்றது எனப் போட்டி வைத்து வருகின்றனர். எல்லை வரைவதில் கணினி இன்று நிபுணரின் கைக்கு மிக அண்மையில் வந்துவிட்டது. 2017 முதற் சில ஆண்டுகள் வாழ்நாளைக் கணிக்கும் போட்டியும் நடந்தது. பத்து மாதத்துக்குக் குறைவு, பத்து முதல் பதினைந்து, அதற்கு மேல் என்ற மூன்றனுள் ஒன்றைக் கூறவேண்டும். சிறந்த முறைகளும் பத்தில் ஏறத்தாழ ஆறு முறையே சரியாகச் சொல்லின. மேலும் அப்படங்கள் பெரும்பாலும் செல்வ நாடுகளின் வைத்தியசாலைகளில் எடுக்கப்பட்டவை. ஏனைய நாடுகளிற் கருவியும் வேறு, நோயாளர் வந்து சேரும் நிலையும் வேறு. இக்குறையை உணர்ந்தே 2023இல் ஆபிரிக்க நாடுகளின் படங்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. கணினி கற்பதும் முன்னர் நோயுற்றோரின் கூட்டத்திலிருந்தே என்பதை மறவாதிருப்போமாக.

ஆகவே உங்கள் வீட்டிலோ அயலிலோ இத்தகைய துன்பம் நேரின், "எவ்வளவு காலம்?" என்ற வினாவுக்கு முன்னர் வேறு சில வினாக்களை வைத்திய நிபுணரிடம் கேளுங்கள். இது படத்தினால் வந்த கருத்தா, இழையப் பரிசோதனையின் முடிவா? எண் ஒன்று கூறப்பட்டால், அஃது எந்த வகைக் கட்டியுடையோரிடமிருந்து, எந்தச் சிகிச்சையின் பின் கிடைத்தது? சத்திர சிகிச்சையின் பின் எஞ்சியது எவ்வளவு? அடுத்த படம் எப்பொழுது, எந்தப் படத்துடன் அதனை ஒப்பிடுவீர்கள்? இப்பொழுது நாங்கள் செய்யவேண்டியது என்ன? இவ்வினாக்களுக்கு அவர் விடை கூறுவார். அறிக்கையை வாசிக்கத் தெரிந்தவன் என்பதற்காகப் பாடசாலை அதிபரிடம் இவற்றைக் கேளாதீர்கள்.

வேறொன்றையும் சொல்லவேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வருதல், காலையில் எழுந்ததும் தலையிடியும் வாந்தியும் நாளுக்கு நாள் கூடுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல், பேச்சுக் குழறல், பார்வை குறைதல், குணம் மாறுதல் ஆகிய இவற்றுக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கும். ஆயினும் நாவூறு கழித்து நாட்களைப் போக்காது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். படம் பிடிக்கப் போகும்பொழுது, நெஞ்சிற் பொருத்திய கருவியோ உடம்பில் இரும்புத் துண்டோ இருப்பின் மறவாது கூறுங்கள். காந்தம் அவற்றை இழுக்கும். கருவி தட்டுவது போலப் பேரொலி எழுப்பும், அதற்கு அஞ்சவேண்டாம். இதில் எக்ஸ் கதிர் இல்லை.

இறுதியாக, அந்த மரவேலைக்காரனின் கதைக்கு வருகின்றேன். குறித்த நாளில் நோயாளி வராததைக் கண்ட வைத்தியசாலைத் தாதியொருவர் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டார். தமையனார் காரணத்தைச் சொன்னார். மறுவாரம் சத்திர வைத்தியரே அக்குடும்பத்தாரை இருத்தி, இழையப் பரிசோதனைக்கு முன்னர் எவரும் எதையும் கூறமுடியாது என விளக்கினார். கட்டி அகற்றப்பட்டது. சில வாரங்களின் பின் முடிவு வந்தது. அது கிளையோபிளாஸ்ரோமா அன்று. நான் சற்றுமுன் கூறிய அந்த ஒலிகோடென்ட்ரோகிளையோமா. கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் தொடர்ந்தன.

அவன் இன்றும் இருக்கின்றான். முன்போல் உயரத்தில் ஏறி வேலை செய்வதில்லை. வலிப்புக்கு மருந்து எடுக்கின்றான். காலத்துக்குக் காலம் படம் பிடிக்கின்றான். ஒவ்வொரு படத்துக்கும் முந்திய வாரம் அவ்வீட்டில் எவரும் நன்றாக உறங்குவதில்லை. நோய் ஒருநாள் மீளவும் கூடும் என்பதை அவன் அறிவான். மகள் அவ்வாண்டு தவறவிட்ட பரீட்சையை மறு ஆண்டு எழுதிச் சித்தியடைந்தாள். அந்த ஓராண்டு என் கணக்கில் எழுதப்படவேண்டியது.

சென்ற தவணை விடுமுறையில் எங்கள் பாடசாலையின் உடைந்த வாங்குகளைத் திருத்த அவன் வந்திருந்தான். நான் அவனிடம் என் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "ஐயா, நீங்கள் படிப்பித்த கணக்கிலையும் எனக்கு அப்பிடித்தான் பிழை வாறது, முழு வினாவையும் வாசிக்கிறேல்லை" என்றான்.